அயர்ன் மெய்டனை முதன்முறையாக நேரில் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லண்டனின் கிழக்குப் பகுதியான லேட்டனில், 1975ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டன். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் விளையாட்டு அரங்குகளை நிரப்பிக்கொண்டிருக்கும் இந்தக் குழுவை ஆல்பங்களின் வழியாக மட்டுமே அறிந்து, முதன்முறையாக மேடையில் காணப் போகிறவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஒலி, கூட்டம், காது ஆகியவை பற்றிய பதில்களில் பெரும்பாலானவை வேறு எந்தப் பெரிய ராக் கச்சேரிக்கும் பொருந்தும்.

பல ஆண்டுகளாக ஹெட்போனில் கேட்டு வருகிறேன். நேரில் போவதால் கூடுதலாக என்ன கிடைத்துவிடப் போகிறது?

மெய்டனின் பாடல்களில் ஒரு பகுதி கூட்டத்துக்காகவே விடப்பட்டிருக்கிறது என்பதை நேரில்தான் உணர முடியும். 1992ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோவில் பதிவான வடிவில் அதன் தொடக்க மெட்டைக் கிட்டார் மட்டுமே வாசிக்கிறது. மேடையில் அதே மெட்டைக் கிட்டார் தொடங்கியதும், சொல் எதுவும் இல்லாமல், ஆயிரக்கணக்கான குரல்கள் அதனோடு சேர்ந்து கடைசிச் சுரம் வரை பாடுகின்றன. யாரும் கையசைத்து அழைப்பதில்லை. எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பாடலின் முழு வடிவம் அதுதான் என்றும், ஆல்பத்தில் இருப்பது அதன் முன்வரைவு என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது, உடல் உணரும் ஒலி. ஹாரிஸ் மீட்டுகோல் இல்லாமல் விரல்களாலேயே பேஸ் கிட்டாரை வாசிப்பவர். குதிரைப் பாய்ச்சல் போன்ற அந்தத் தாளம் மெய்டனின் முத்திரை. சிறிய ஹெட்போனில் ஒரு முணுமுணுப்பாகக் கேட்கும் அது, அரங்கில் தரையிலிருந்து கால்கள் வழியாக ஏறி நெஞ்சுக்கூட்டில் அதிர்கிறது. எந்த விலை கொடுத்து வாங்கிய ஹெட்போனாலும் இதைத் தர முடியாது, ஏனெனில் அது காதோடு நின்றுவிடுகிறது.

போவதற்கு முன் எதைக் கேட்டுத் தயாராவது?

நேரடிப் பதிவுகளைக் கேளுங்கள். 1985இல் வெளிவந்த ‘லைவ் ஆஃப்டர் டெத்’ பெரும்பாலும் கலிபோர்னியாவின் லாங் பீச் அரங்கில் பதிவானது; இளமையும் வேகமும் நிறைந்த மெய்டனை அதில் கேட்கலாம். 2001 ஜனவரியில் பிரேசிலில் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ராக் இன் ரியோ’ என் பரிந்துரைகளில் முதலாவது. கூட்டம் எந்த இடத்தில் பாடுகிறது, எந்த இடத்தில் கைதட்டுகிறது, எந்த இடத்தில் பாடகர் புரூஸ் டிக்கின்சன் ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுகிறார் என்பதை எல்லாம் அதிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். பாடல் வரிகளை மனப்பாடம் செய்ய நேரம் இல்லாதவர்கள் பல்லவிகளையும் கிட்டார் மெட்டுகளையும் மட்டும் பழகிக்கொண்டால் போதும். மெய்டன் கச்சேரியில் கிட்டார் மெட்டையும் வாய்விட்டுப் பாடுவதுதான் வழக்கம்.

அன்றைய பாடல் பட்டியலை முன்கூட்டியே பார்த்துவிடலாமா? எனக்குப் பிடித்த பாடல் அதில் இல்லையென்றால்?

மெய்டன் ஒரு சுற்றுப்பயணம் முழுவதும் ஏறத்தாழ ஒரே பட்டியலை வாசிப்பது வழக்கம். ஆகவே பயணத்தின் முதல் கச்சேரி முடிந்த மறுநாளே பட்டியல் ஊரறிந்ததாகிவிடும். முதன்முறை செல்கிறவர் அதைப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் இருட்டில் நிற்கும்போது, முதல் இரண்டு சுரங்களிலேயே பாடலை அடையாளம் கண்டுகொள்ளும் மகிழ்ச்சி வாழ்க்கையில் ஒருமுறைதான் கிடைக்கும். தொலைதூரத்திலிருந்து நிறையச் செலவு செய்து வருகிறவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் தவறேதும் இல்லை.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கருப்பொருள் உண்டு. 2023இல் தொடங்கிய பயணத்தில் 1986ஆம் ஆண்டின் ‘சம்வேர் இன் டைம்’ ஆல்பத்துக்கும் 2021ஆம் ஆண்டின் ‘செஞ்சுட்சு’ ஆல்பத்துக்கும் முதலிடம் கிடைத்தது. 2025 மே மாதம் புடாபெஸ்டில் தொடங்கிய ஐம்பதாம் ஆண்டுப் பயணத்துக்கோ 1980 முதல் 1992 வரையிலான முதல் ஒன்பது ஆல்பங்களின் பாடல்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆகவே 2000க்குப் பிந்தைய மெய்டனை நேசிப்பவர்கள் எந்தப் பயணத்துக்கு டிக்கெட் வாங்குகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும்.

பிடித்த பாடல் வராமல் போவது எல்லா ரசிகர்களுக்கும் நேர்வதுதான். மாவீரன் அலெக்சாண்டரைப் பற்றி 1986இல் இவர்கள் பதிவு செய்த பாடல் 2023 மே மாதம் ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில்தான் முதன்முறையாக மேடையேறியது. முப்பத்தேழு ஆண்டுகள் அதற்காகக் காத்திருந்த ரசிகர்கள் இருக்கிறார்கள்.

டிரம்ஸ் கலைஞர் நிக்கோ மெக்பிரெய்ன் ஓய்வு பெற்றுவிட்டாரே, டிக்கின்சனுக்கும் வயதாகிவிட்டதே. இப்போது போவதில் பொருள் இருக்கிறதா?

இருக்கிறது. தள்ளிப்போடாமல் போக வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

1982 முதல் டிரம்ஸ் வாசித்துவந்த நிக்கோ 2023 ஜனவரியில் சிறு பக்கவாதத்துக்கு ஆளானார். கடுமையாகப் பயிற்சி செய்து அந்த ஆண்டே மேடைக்குத் திரும்பினார். 2024 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் நடந்த கச்சேரியுடன் சுற்றுப்பயணங்களிலிருந்து விடைபெற்றார். ஹாரிஸின் மற்றொரு குழுவான ‘பிரிட்டிஷ் லயன்’ குழுவில் வாசித்துவந்த சைமன் டாசன் இப்போது அந்த இடத்தில் இருக்கிறார். நிக்கோவின் துள்ளலுக்கு ஈடு கிடையாது என்று வருந்துகிறவர்களின் வருத்தம் நியாயமானதே. ஆயினும் இந்தக் குழு பாடகர்களையே மாற்றிக்கொண்டு பிழைத்த குழு. முதல் இரண்டு ஆல்பங்களைப் பாடிய பால் டியானோ போய் 1981இல் புரூஸ் டிக்கின்சன் வந்தார். அவர் 1993இல் விலகி, 1999இல் கிட்டார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்துடன் திரும்பி வந்தார். அன்றிலிருந்துதான் டேவ் மரே, ஸ்மித், ஜேனிக் கெர்ஸ் என மூன்று கிட்டார்கள் மேடையில் இருக்கின்றன.

டிக்கின்சன் 1958இல் பிறந்தவர். நாக்கின் அடிப்பகுதியில் ஏற்பட்ட புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று 2015 மே மாதம் குணமடைந்தவர் என்பதையும் சேர்த்தே அவருடைய குரலைக் கேட்க வேண்டும். இருபத்தைந்து வயதில் பாடியதைப் போலவே இன்றும் ஒவ்வொரு உச்சத்தையும் தொடுகிறார் என்று சொன்னால் அது மிகை. தொடுகிற உச்சங்களை முழு மூச்சுடன் தொடுகிறார். மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக்கொண்டே தொடுகிறார்.

மெய்டன் இந்தியாவுக்கு வந்திருக்கிறார்களா?

முதன்முறையாக 2007 மார்ச் 17 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். புகழின் நடுவில் இருக்கும் ஒரு பெரிய மெட்டல் குழு இந்திய மேடையில் ஏறுவது அதற்கு முன் அரிதினும் அரிதாக இருந்தது. அதனால்தான் அந்த நாளை ஒரு தலைமுறை ரசிகர்கள் இன்றும் தேதியோடு சொல்கிறார்கள். தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவுதான் என்பதால் இங்கிருந்து ரயிலிலும் பேருந்திலும் சென்றவர்கள் பலர்.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று மும்பையில் வாசித்தார்கள். உலகப் பயணம் ஒன்றின் முதல் கச்சேரியே அதுதான். ‘எட் ஃபோர்ஸ் ஒன்’ என்று பெயர் சூட்டப்பட்ட போயிங் 757 விமானத்தில், பின்பகுதி இருக்கைகளைக் கழற்றி மேடைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, உரிமம் பெற்ற விமானியான டிக்கின்சனே ஓட்ட, லண்டனிலிருந்து இந்தியாவுக்கு வந்து இறங்கினார்கள். 2009 பிப்ரவரியில் மீண்டும் பெங்களூரு. இந்த மூன்றையும் தவறவிட்டவர்கள் துபாய், ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று வெளிநாட்டுத் தேதிகளையும் கவனித்துவர வேண்டும். பணி நிமித்தம் அங்கே இருப்பவர்கள் வாய்ப்பை நழுவவிடக் கூடாது.

டிக்கெட் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

குழுவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் தரப்பட்டிருக்கும் இணைப்பின் வழியாக மட்டும் வாங்குங்கள். மெய்டன் நிர்வாகம் மறுவிற்பனைக் கொள்ளையை எதிர்த்து வெளிப்படையாகச் செயல்பட்டு வந்திருக்கிறது. 2017 பிரிட்டன் கச்சேரிகளில் காகித டிக்கெட்டே இல்லாமல், வாங்கிய வங்கி அட்டையையும் அடையாளச் சான்றையும் காட்டி உள்ளே செல்லும் முறையைப் பெரும்பாலான அரங்குகளில் கொண்டுவந்தார்கள். இத்தகைய கட்டுப்பாடு உள்ள இடத்தில் மூன்றாம் ஆளிடம் வாங்கிய டிக்கெட் வாசலிலேயே செல்லாமல் போய்விடும். நண்பர் ஒருவர் பெயரில் மொத்தமாக வாங்கியிருந்தால் எல்லோரும் அவருடன் சேர்ந்தே உள்ளே நுழைய வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எங்கே நிற்பது நல்லது? எப்படியாவது முன்வரிசைக்குப் போய்விட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

ஆசை இயல்பானது. ஆயினும் முதன்முறை செல்கிறவருக்கு முன்வரிசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் ஒலியின் இயல்பிலேயே இருக்கிறது.

பெரிய கச்சேரிகளில் முதன்மை ஒலிபெருக்கிகள் மேடையின் இரு பக்கங்களிலும் வாழைத்தார் போல வளைந்து தொங்கும். அவை தொலைவில் இருப்பவர்களுக்கும் ஒலி சீராகச் சென்று சேரும்படி கோணம் அமைத்துத் தொங்கவிடப்பட்டவை. ஆகவே மேடைக்கு மிக அருகில் நிற்பவர்களின் தலைக்கு மேலாக ஒலியின் பெரும்பகுதி கடந்து போய்விடுகிறது. அவர்களுக்குக் கிடைப்பது மேடை விளிம்பில் வைத்த சிறு ஒலிபெருக்கிகளின் ஒலியும், தரையில் அடுக்கிய பேஸ் பெட்டிகளின் அதிர்வும், டிரம்ஸின் நேரடி ஓசையும்தான். குரலும் மூன்று கிட்டார்களும் தெளிவாகப் பிரிந்து கேட்பது அங்கே கடினம்.

அரங்கின் நடுவில், மேடையை நேராகப் பார்த்தபடி, கம்பித் தடுப்புக்குள் ஒரு சிறு மேடை இருக்கும். ஒலிக்கலவை செய்யும் பொறியாளர் அங்கேதான் அமர்ந்திருக்கிறார். அவர் தம் காதுக்குச் சரியாகக் கேட்கும்படிதான் ஒலியை அமைப்பார். எனவே அதற்குச் சற்று முன்னால் நிற்பவருக்கு அன்றைய கச்சேரியின் மிகச் சிறந்த ஒலி கிடைக்கும். அந்த இடத்திலிருந்து மேடையின் அகலம் முழுவதும் கண்ணில் படும் என்பதால் விளக்குகளும் பின்னணித் திரையும் ஒரே காட்சியாகத் தெரியும். உயரம் குறைந்தவர்கள் அந்தத் தடுப்பின் ஓரமாக நின்றால் சாய்ந்துகொள்ளவும் இடம் கிடைக்கும்.

மிகவும் பின்னால் போனால் வேறொரு விசித்திரம் நிகழும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் பயணம் செய்கிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம்ஸில் குச்சி விழுவது கண்ணில் பட்டு, கால் நொடிக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகே ஓசை வந்து சேரும். இதனால்தான் பெரிய மைதானங்களில் நடுநடுவே கோபுரங்கள் அமைத்து, அவற்றிலுள்ள ஒலிபெருக்கிகளை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தி ஒலிக்க விடுகிறார்கள்.

இரண்டாவது முறை போகும்போது முன்வரிசைக்குப் போங்கள். ஒலிக்குறையை ஈடுகட்டும் நெருக்கம் அங்கே உண்டு. ஹாரிஸ் மேடை விளிம்பில் இருக்கும் ஒலிபெருக்கியின் மேல் ஒரு காலை வைத்து, கிட்டாரைத் துப்பாக்கி போல உங்கள் பக்கம் நீட்டி, ஒவ்வொரு சொல்லையும் வாயசைத்துப் பாடுவதை இரண்டு ஆள் தொலைவிலிருந்து பார்க்கலாம். அந்தக் கிட்டாரில் அவர் உயிராய் நேசிக்கும் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் சின்னம் இருப்பதும் தெரியும்.

முன்பகுதிக் கூட்ட நெரிசல் ஆபத்தானதா?

பெரும்பாலான கச்சேரிகளில் இல்லை. ஆயினும் அலட்சியம் கூடாது. 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் என்ற ராக் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன் ஏற்பட்ட நெரிசலில் ஒன்பது இளைஞர்கள் உயிரிழந்தார்கள். 2021இல் ஹூஸ்டனில் நடந்த வேறொரு இசைவிழாவில் பத்துப் பேர் இறந்தார்கள். இத்தகைய நிகழ்வுகளில் மிதிபடுவதைவிட, நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுத்தப்பட்டு மூச்சு விட முடியாமல் போவதே பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது.

ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நிற்கும்போது அபாயம் தொடங்குகிறது. இதை அளக்கக் கருவி வேண்டாம். கையை உயர்த்தி முகத்தைத் தொட முடியவில்லை என்றாலோ, நீங்கள் அசையாமலேயே கூட்டத்தின் அசைவு உங்களை நகர்த்துகிறது என்றாலோ அந்த இடத்தை விட்டு விலகும் நேரம் வந்துவிட்டது. முழங்கைகளை மடக்கிக் கைகளை நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாமல், கூட்டம் ஒருமுறை அலைந்து ஓயும் இடைவெளிகளில் பக்கவாட்டில் சாய்வாக நகர்ந்து வெளியேறுங்கள். முன்வரிசையில் இருந்தால் தடுப்புக்கு அப்பால் நிற்கும் காவலரிடம் கையை உயர்த்தினால் தூக்கி வெளியே எடுத்துவிடுவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழே பொருள் விழுந்தால் குனிய வேண்டாம். பக்கத்தில் ஒருவர் விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் உடனே தூக்கிவிட வேண்டும் என்பது மெட்டல் ரசிகர்களிடையே எழுதப்படாத சட்டம். வட்டமாக இடம் விட்டு ஒருவரை ஒருவர் மோதி ஆடும் ‘மாஷ் பிட்’டுக்குள்ளும் அதே சட்டம்தான். மெய்டன் கச்சேரிகளில் ஆடுகிறவர்களைவிடப் பாடுகிறவர்களே மிகுதி என்பதால், விலகி நிற்க விரும்புகிறவருக்கு இடம் எளிதில் கிடைக்கும்.

காதில் அடைப்பான் வைத்துக்கொண்டால் இசையை முழுமையாகக் கேட்க முடியாதே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் இழப்பது திரும்பக் கிடைக்காது.

ராக் கச்சேரியின் ஒலி 100 டெசிபலை எட்டுவதும் தாண்டுவதும் சாதாரணம். தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவின்படி 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். இந்தக் கணக்கில் 100 டெசிபலில் கிடைப்பது பதினைந்து நிமிடம் மட்டுமே. மெய்டன் கச்சேரியோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நடக்கிறது. இசை அரங்குகளில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை வெளியிட்டது. அந்த எல்லை காக்கப்பட்டாலும் முழு நேரமும் வெறும் காதோடு நிற்பது பாதுகாப்பாகிவிடாது.

உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் முளைப்பதில்லை. கச்சேரிக்குப் பிறகு காதில் ‘ஙொய்’ என்று ஒலிப்பதும், பஞ்சு அடைத்தது போல் இருப்பதும் அந்தச் செல்கள் களைத்துப்போனதன் அறிகுறிகள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். சரியாகாமல் நீடித்தாலோ, ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் சட்டென்று குறைந்தாலோ அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இனி இசை கெடுமா என்ற கேள்வி. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் உயர்ந்த சுரங்களை அதிகமாகவும் தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவும் தடுக்கும் என்பதால் இசை போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும் என்பது உண்மைதான். இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் வடிகட்டி வைத்த அடைப்பான்கள் எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிக்கின்றன. பேரொலியில் வெறும் காது திணறிக் கலங்கிப் போவதால், அவற்றை அணிந்தவருக்குக் குரலும் கிட்டாரும் முன்னைவிடத் தெளிவாகவே பிரிந்து கேட்கும். டிக்கெட்டுக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் அதன் விலை பெரிதல்ல.

நுரை அடைப்பானைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதை விரல்களுக்கு இடையில் மெல்லிய திரி போல உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, நுரை விரிந்து நிரம்பும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே தெரியும்படி செருகினால் பயன் மிகக் குறைவு. முதல் பாடல் தொடங்குவதற்கு முன்பே அணிந்துகொள்ளுங்கள்.

கைப்பேசியில் பதிவு செய்யலாமா?

தடை இல்லாத இடங்களிலும் தவிர்க்கும்படியே கேட்டுக்கொள்கிறேன். ஐம்பதாம் ஆண்டுப் பயணம் தொடங்கும் முன் குழுவின் மேலாளர் ராட் ஸ்மால்வுட், கைப்பேசிகளைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுக் கச்சேரியைக் கண்ணால் பார்க்கும்படி ரசிகர்களிடம் வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தார். கையில் கைப்பேசியை உயர்த்தியிருப்பவர் கைதட்ட முடியாது. பாடினால் பதிவு கெட்டுவிடும் என்பதால் பாடுவதும் இல்லை. அப்படி ஆயிரம் பேர் நின்றால் கூட்டத்தின் பாட்டு அந்த அளவுக்கு மெலிந்துவிடுகிறது. பின்னால் நிற்பவரின் பார்வை மறைவது தனிக்கதை. நினைவுக்காக ஒரு பாடலில் சில நொடிகள் எடுத்துவிட்டு உள்ளே வைத்துவிடுவது நல்ல சமரசம்.

மேடையில் எதை எதையெல்லாம் தவறவிடாமல் பார்க்க வேண்டும்?

தொடக்கத்தைத் தவறவிடாதீர்கள். மேடைப் பணியாளர்கள் சரிபார்ப்பை முடித்துவிட்டு இறங்கிய பிறகு, அரங்கின் ஒலிபெருக்கிகளில் யுஎஃப்ஓ குழுவின் ‘டாக்டர் டாக்டர்’ பாடல் ஒலிக்கத் தொடங்கும். அதுவரை பின்னணியில் ஓடிய பாடல்களைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டிருந்த கூட்டம், இதன் முதல் சுரத்திலேயே ஆரவாரிக்கும். புதியவர்களுக்கு ஏன் என்று புரியாது. அந்தப் பாடல் முடிந்தால் மெய்டன் வருகிறார்கள் என்று பொருள். பல ஆண்டுகளாக இதுதான் மரபு. சிற்றுண்டி வாங்கவோ கழிப்பறைக்கோ சென்றவர்கள் அப்போது ஓடி வருவதைப் பார்க்கலாம்.

அடுத்தது எட்டி. டெரெக் ரிக்ஸ் என்ற ஓவியர் உருவாக்கிய இந்த எலும்புருவம் 1980இல் வெளிவந்த முதல் ஆல்பத்தின் அட்டையிலிருந்தே குழுவின் அடையாளம். கச்சேரியின் ஏதோ ஒரு கட்டத்தில், ஆள் உயரத்தைவிட மிகப் பெரிதாக, அவன் மேடைக்கு நடந்தே வருவான். ஜேனிக் கெர்ஸ் அவன் கால்களுக்கு இடையில் புகுந்து ஓடி வம்பு செய்வார். 1854இல் கிரிமியப் போரில் நிகழ்ந்த குதிரைப்படைத் தாக்குதலைப் பற்றிய ‘த ட்ரூப்பர்’ பாடலில் டிக்கின்சன் சிவப்புப் படைச்சட்டை அணிந்து கொடியை வீசிக்கொண்டு வருவார். இவற்றுக்கு நடுவே டேவ் மரேயின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். ஐம்பது ஆண்டுகளாக வாசிக்கும் மனிதர் இன்றும் சிரித்துக்கொண்டே வாசிக்கிறார்.

“பேய், சாத்தான் என்று பாடுகிறவர்களின் கச்சேரிக்கா போகிறாய்?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

1982இல் ‘த நம்பர் ஆஃப் த பீஸ்ட்’ ஆல்பம் வெளிவந்தபோது அமெரிக்காவில் சில மத அமைப்புகள் இதே குற்றச்சாட்டைச் சொல்லி இசைத்தட்டுகளை எரித்தன. அந்தத் தலைப்புப் பாடல், ஒரு திகில் படத்தைப் பார்த்தபின் தாம் கண்ட கெட்ட கனவிலிருந்து பிறந்தது என்று ஹாரிஸ் விளக்கியிருக்கிறார். மெய்டனின் பாடல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வரலாறும் இலக்கியமுமே மேலோங்கி நிற்கும். கிரேக்கத் தொன்மத்து இக்காரஸ், அலெக்சாண்டர், போரின் கொடுமை, கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞரின் நெடுங்கவிதையை அடியொற்றிய பதின்மூன்று நிமிடத்துக்கும் மேற்பட்ட பாடல் என்று பட்டியல் நீளும். பெரியவர்களிடம் வாதாடுவதைவிட, அந்தக் கதைகளில் ஒன்றைச் சொல்லி ஒரு பாடலைச் சேர்ந்து கேட்கச் செய்வது பயன் தரும்.

தனியாகப் போகலாமா? கருப்புச் சட்டைதான் அணிய வேண்டுமா?

தாராளமாகப் போகலாம். மெய்டன் டி-ஷர்ட் அணிந்து வரிசையில் நின்றால் அரை மணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் எந்த ஆல்பம் பிடிக்கும் என்று கேட்டுவிடுவார். உடை எதுவாகவும் இருக்கலாம். காலணியில் மட்டும் கவனம் வேண்டும். விரல்களை முழுதும் மூடும், பழகிய காலணி அவசியம். வயது பன்னிரண்டோ எழுபதோ, இந்தக் கூட்டத்தில் யாரையும் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. சிறுவர்களை அழைத்துச் செல்வதானால் அரங்கின் வயது விதியைப் பார்த்துக்கொண்டு, இருக்கையுள்ள பகுதியில் டிக்கெட் எடுத்து, காதை முழுதும் மூடும் காப்பு அணிவித்து அழைத்துச் செல்லுங்கள்.

தொடக்கக் குழு வாசிக்கும்போதே போக வேண்டுமா?

போங்கள். 2007 பெங்களூரு மேடையில் மெய்டனுக்கு முன் வாசித்த டெல்லிக் குழுவான பரிக்ரமா, அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோட் இசைவிழாவிலும் வாசித்தது. முன்னதாக வந்தால் நல்ல இடமும் கிடைக்கும்.

கச்சேரி முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைசிப் பாடல் போல ஒன்றை வாசித்து, விடைபெற்று, விளக்குகள் அணைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். சில நிமிடங்களில் திரும்பி வந்து மேலும் சில பாடல்கள் வாசிப்பார்கள். அவை பெரும்பாலும் அன்றைய கச்சேரியின் மிகச் சிறந்தவையாக இருக்கும். உண்மையாகவே முடிந்த பிறகு, மான்ட்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் ‘ஆல்வேஸ் லுக் ஆன் த பிரைட் சைட் ஆஃப் லைஃப்’ ஒலிபெருக்கியில் வரும். அது தொடங்கிவிட்டால் குழு இனி வராது. வெளியேறும் வாசலில் நெரிசல் உச்சத்தில் இருக்கும் நேரம் அதுதான் என்பதால், அந்தப் பாடலையும் கூட்டத்தோடு சேர்ந்து பாடி முடித்துவிட்டு, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். திரும்பிச் செல்லும் கடைசி ரயிலின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் பதற்றமில்லாமல் கழியும்.